வெள்ளிக்கிழமை சவரம் பண்ணும் சார்

மேல்மலை மாணவர், இப்போது திருப்பூர்

நம்ம சார் போன புதன்கிழமை பண்ணைக்காட்டில் காலமானார். வயசு 93. கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர் பக்கம் அவரிடம் படித்தவர்கள் இன்று கோயம்புத்தூர், திருப்பூர், சென்னை என்று சிதறிக் கிடக்கிறோம். பாதிப் பேருக்குச் சேதி போயிருக்காது. தெரிந்ததை ஆளுக்குக் கொஞ்சம் எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

நான் படித்தது 1970களில். ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. கரும்பலகை வெளுத்துப் போனால் அடுப்புக்கரியோடு ஊமத்தை இலையை அரைத்து நாங்களே பூசுவோம். ஊமத்தை எங்கள் ஊர்க் குளிரில் வராது, சார்தான் கீழேயிருந்து பையில் போட்டுக் கொண்டு வருவார். அரைத்த கையை நாலு தடவை கழுவச் சொல்லி மோந்து பார்ப்பார், விஷச்செடி என்று.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருவார். பள்ளிக்கூடத்தை ஒட்டின சின்ன அறையில் ஐந்து நாள் தங்குவார், சொந்தச் சமையல். வாரம் ஏற ஏற முகத்தில் தாடி ஏறும். வெள்ளிக்கிழமை மத்தியானம் நாங்கள் கோதுமை உப்புமா தின்று கொண்டிருக்கும்போது ஜன்னல் கம்பியில் கண்ணாடியைச் சொருகி வைத்துச் சவரம் பண்ணுவார். மூன்றாம் வகுப்பில் நான் கேட்டேன், "ஏன் சார் வெள்ளிக்கிழமை மட்டும்?" சோப்பு நுரையோடு திரும்பி, "வீட்டுக்குப் போறேன்ல" என்றார். அன்றைக்குக் கடைசி மணி நேரம் கணக்கு வைக்க மாட்டார், பாட்டுதான். கண் ரோட்டுப் பக்கமே இருக்கும்.

எங்களுக்காகவே வாழ்ந்த மனுஷன். கீழே தலைமையாசிரியர் பதவி உயர்வு வந்தும் வேண்டாம் என்று உரிமைவிடல் கடிதம் எழுதிக் கொடுத்தார் என்று எங்கள் அப்பா சொல்வார்.

பூம்பாறைக்காரர்

நான் அவர் பள்ளிக்கூடமில்லை, என் தம்பி அங்கே எங்கள் அத்தை வீட்டில் இருந்து படித்தான். ஆனால் அவரால் எங்கள் குடும்பத்துக்கு நடந்தது ஒன்று இருக்கிறது.

அப்போது எங்களுக்குப் பூண்டுதான். மூட்டை கட்டி லாரியில் ஏற்றினால் மலை இறங்கி வடுகபட்டி போகும். பெரியகுளம் பக்கத்தில் உள்ள அந்தச் சந்தைதான் எங்களுக்கு எல்லாம். அங்கே கமிஷன் கடையில் எடை போட்டு, கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சாக்கு, லாரி வாடகை எல்லாம் கழித்து ஒரு துண்டுச் சீட்டில் பாக்கியை எழுதிப் பணத்தோடு கொடுத்து அனுப்புவார்கள். அப்பா ரூபாயைத்தான் எண்ணுவார். சீட்டைப் படிக்கத் தெரியாது.

சார் நான்காம் வகுப்புக்குக் கழித்தல் சொல்லிக் கொடுக்க அந்தச் சீட்டுகளையே வீட்டிலிருந்து கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். என் தம்பி எங்கள் சீட்டை எடுத்துப் போனான். கடைசி வரியில் கூட்டல் தப்பு, எங்களுக்குத்தான் நஷ்டம். பத்து வயசுப் பையன் சிலேட்டில் போட்டுக் காட்டினான். அப்பா அதை நம்பவில்லை, சாரிடம் போய்க் கேட்டார். சார், "நான் பாக்கலைங்க, உங்க பையன் பாத்தது சரியாத்தான் இருக்கும்" என்றாராம். அடுத்த லோடுக்கு அப்பா தம்பியையும் கூட்டிக்கொண்டு வடுகபட்டி போனார். கடைக்காரர் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் ஊரில் எல்லார் சீட்டும் பள்ளிக்கூடத்துக்குப் போனது. பூண்டு எடுக்கும் காலத்தில் பிள்ளைகளை வேலைக்கு நிறுத்திக்கொள்ளும் அப்பன்மாரும், சீட்டு வந்த அன்றைக்கு மட்டும் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள்!

அடி வாங்கியவன்

எல்லாரும் தெய்வம் மாதிரி எழுதுறீங்க. நல்லா அடிப்பார். முழங்காலுக்குக் கீழே, விளாறால. எனக்கு இன்னும் நினைவிருக்கு.

1968 செட், மாணவி

பொய். என்னை ஒரு நாள் தொட்டதில்லை.

அடி வாங்கியவன்

பொம்பளப் பிள்ளைகளை அடிக்க மாட்டார். அதையும் நான் அப்பவே கேட்டு அதுக்கும் ஒரு அடி வாங்கினேன். மத்தபடி நல்ல மனுஷன், அதுல மாற்றுக் கருத்து இல்ல.

உடன் பணியாற்றிய ஆசிரியை, வத்தலக்குண்டு

1987-இல் வந்த கரும்பலகைத் திட்டம் ஞாபகம் இருக்கிறதா? ஓராசிரியர் பள்ளிகளுக்கு இரண்டாவது ஆசிரியர், முடிந்தவரை பெண்ணாகப் போட வேண்டும் என்றார்கள். அப்படி வந்த இரண்டாவது ஆசிரியர் நான். கைக்குழந்தையோடு போய் இறங்கினேன். வத்தலக்குண்டு வெயிலில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தக் குளிரும் பனியும் புதுசு. முதல் நாளே அழுகை வந்துவிட்டது. சார் அப்போது ஓய்வுபெற ஒரு வருஷம்தான் பாக்கி.

என்னைப் பார்த்ததும் அவர் பாடத்திட்டம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "பிள்ளைக்குப் பால் எங்க வாங்கப் போறீங்கம்மா?" என்றார். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தார். நான் பாடம் எடுக்கும்போது குழந்தை அழுதால் அவர் தூக்கி வைத்துக்கொள்வார். இடது தோளில் என் பிள்ளை, வலது கையில் சாக்பீஸ். ஒரு தடவை அந்தக் கோலத்தில் இருக்கும்போது ஆய்வுக்கு அதிகாரி வந்துவிட்டார். நான் பதறிப் போனேன். சார் அசையவே இல்லை. "சேர்க்கை வயசு ஆகலை சார், வருகைப் பதிவுல எழுதல" என்றார். அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவரிடம் நான் கற்றதில் பெரியது, ஐந்து வகுப்பையும் ஒரே பொருளில் உட்கார வைப்பது. ஒரு கூடை உருளைக்கிழங்கைக் கொண்டு வந்து நடுவில் வைப்பார். ஒன்றாம் வகுப்பு எண்ண வேண்டும். இரண்டாம் வகுப்பு பெரிசு சின்னதாகப் பிரித்து, ஒவ்வொரு குவியலுக்கும் பேர் எழுத வேண்டும். மூன்றாம் வகுப்புக்குத் தராசு. நான்காம் வகுப்பு அன்றைய விலைக்குப் பெருக்கும். ஐந்தாம் வகுப்பு விதைக்கிழங்கு, உரம், கூலி எல்லாம் கழித்து லாபமா நஷ்டமா சொல்லும். முடிந்ததும் கிழங்கை வேக வைத்து உப்புப் போட்டுச் சாப்பிடுவோம். 2007-இல் மாநிலம் முழுக்கச் செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்தபோது பல ஆசிரியர்கள் திணறினார்கள், எனக்குப் பாதி தெரிந்த விஷயமாக இருந்தது. அட்டை முறையில் ஒன்று மேல்: மெதுவாகப் படிக்கிற பிள்ளை தன் வேகத்தில் போகலாம். சார் முறையில் நான்காம் வகுப்புக்காரன் கணக்கை முடிக்கும்வரை ஐந்தாம் வகுப்பு சும்மா உட்கார்ந்திருக்கும். இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். "சும்மா இருக்கட்டும்மா, வீட்டுல போய் அதுகளுக்கு ஏது சும்மா" என்றார்.

இன்னொன்று. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்ததல்லவா, ணை, லை, னை எல்லாம் தும்பிக்கையை விட்டுவிட்டு இப்போதைய வடிவத்துக்கு வந்தது. பலகையில் அவர் புது எழுத்துதான் எழுதுவார், பிள்ளைகள் பழைய வடிவம் எழுதினால் திருத்துவார். ஆனால் புதன்கிழமை வீட்டுக்கு ஒரு இன்லண்டு லெட்டர் போடுவார். அதில் தும்பிக்கை அப்படியே இருக்கும். பத்து வருஷம் கழித்தும். "ஏன் சார் உங்களுக்கு மட்டும் பழசு?" என்று கேட்டேன். "அவங்க அதுலதான் படிச்சாங்க. இப்ப மாத்தினா நிறுத்தி நிறுத்திப் படிக்கணும்" என்றார். வெள்ளிக்கிழமை ராத்திரி நேரிலே போகிறவர் புதன்கிழமை எதற்கு லெட்டர் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

பளியர் குடியிருப்பிலிருந்து ஒருவர்

எங்க ஆளுகள்ல பள்ளிக்கூடம் போன மொத ஆளு நான். தேன் எடுக்கப் போற எங்க அப்பாவ வழியில பாத்து பேசிப் பேசியே சேத்துவிட்டார். குளிருக்கு அவர் மகனோட பழைய ஸ்வெட்டர் குடுத்தார். பச்சைக் கலர். அஞ்சாவது வரைக்கும் அதுதான். வேற சொல்லத் தெரியல.

தேர்தல் பணிக்குப் போனவர், ஓய்வுபெற்ற ஆசிரியர்

நானும் அவரும் ஒரே ஒன்றியம், ஆனால் நெருங்கிப் பழகியது ஒரே ஒரு தேர்தலில். 1977. வெள்ளகவி வாக்குச்சாவடி எங்களுக்கு விழுந்தது. ரோடு கிடையாது. வட்டக்கானல் தாண்டி, டால்பின் மூக்கு தாண்டி, செங்குத்தாகக் காட்டுக்குள் இறங்க வேண்டும். இன்னொரு வழி கீழே கும்பக்கரையிலிருந்து ஏற்றம். எந்தப் பக்கம் போனாலும் வாக்குப்பெட்டி குதிரை முதுகில்தான் போக வேண்டும். அந்த ஊரில் யாரும் செருப்புப் போட மாட்டார்கள், ஊரே கோயில் மாதிரி அவர்களுக்கு. நாங்களும் எல்லையில் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டோம். என்னோடு வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். இவர் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிறந்த ஊருக்குள் நடக்கிற மாதிரி நடந்தார்.

அவருக்கு விரலில் மை வைக்கும் வேலை. வாக்குப்பதிவு முடிந்து சீல் வைத்து, மறுநாள் விடியற்காலம் ஏறத் தயாராகிறோம். குதிரைக்காரரைத் தனியே கூப்பிட்டு என்னமோ கெஞ்சிக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தால் குதிரை வால் முடி இரண்டு கேட்கிறார்! சம்சாரத்துக்குக் கழுத்தில் ஒரு மரு இருக்கிறதாம், குதிரை வால் முடியைக் கட்டினால் உதிரும் என்று அவர் மாமியார் சொல்லியிருக்கிறாராம். குதிரைக்காரர், "கவர்மென்ட் டூட்டியில இருக்கிற குதிரைங்க, முடியெல்லாம் புடுங்கக் கூடாது" என்று மிரட்ட, போலீஸ்காரர் உட்பட அத்தனை பேரும் விழுந்து சிரித்தோம். கடைசியில் முடி கிடைத்தது. பொட்டலமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தவர், ஏறி முடிக்கும்வரை பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். மரு விழுந்ததா என்று அப்புறம் கேட்கவே முடியாமல் போனது.

இரண்டாவது மகன், பண்ணைக்காடு

எல்லாத்தையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மரு விழவில்லை. அம்மா இப்போதும் கழுத்தைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார்கள்.

நன்றி சொல்லத்தான் வந்தேன். ஆனால் ஒன்றைத் திருத்தவும் வேண்டும், அப்பா இருந்தால் அவரே திருத்தியிருப்பார்.

"எங்களுக்காகவே வாழ்ந்தார்" என்று முதலில் எழுதிய அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. அப்பா உங்கள் ஊரில் இருந்தது தியாகமில்லை. ஒவ்வொரு மே மாசமும் பண்ணைக்காட்டுக்கோ, தாண்டிக்குடிக்கோ மாறுதல் கேட்டு மனுப் போட்டிருக்கிறார். நகல் அத்தனையும் டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறார். கிடைக்கவே இல்லை. கிடைத்திருந்தால் அடுத்த பஸ்ஸில் பெட்டியோடு வந்திருப்பார்.

பதவி உயர்வை விட்டதும் அப்படித்தான். பண்ணைக்காட்டில் எங்களுக்கு இருந்தது மலைவாழை, நடுவே காப்பி, கொஞ்சம் மிளகு. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற பழம் அது. 1970களில் முடிக்கொத்து நோய் வந்து கீழ்மலை முழுக்க வாழை அழிந்தது. குருத்து விரியாமல் உச்சியில் கொத்தாக நின்றுவிடும், குலை வராது. வெட்டி எரிப்பதைத் தவிர வழியில்லை. பெரியப்பா அந்த நஷ்டத்தில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பெரியம்மா, அவர்கள் பிள்ளைகள் மூன்று, நாங்கள் ஐந்து பேர், படுக்கையில் அப்பத்தா. சம்பளம் என்று வந்தது அப்பாவுடையது மட்டும். கீழே நிலக்கோட்டைப் பக்கம் தலைமையாசிரியராகப் போனால் சம்பளம் கொஞ்சம் கூடும், வீட்டுக்கு மாசத்துக்கு ஒரு தடவைதான் வர முடியும். அப்பா கணக்குப் போட்டுப் பார்த்தார், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான் அந்தக் கதை.

வாரத்தில் இரண்டு ராத்திரி, ஒன்றரைப் பகல். எங்களுக்கு அப்பா என்றால் அந்த நேரம்தான். மன்னவனூர்ப் பக்கமிருந்து கொடைக்கானல், அங்கே பஸ் மாறிப் பெருமாள்மலை, ஊத்து வழியாக வீடு வந்து சேர ராத்திரி ஆகிவிடும். பஸ் சத்தம் கேட்கும்வரை அம்மா எங்களைத் தூங்க விடமாட்டார்கள், அப்பா வந்து எல்லாரையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். பெரியப்பா பிள்ளைகளுக்குத்தான் முதலில் தின்பண்டம், அப்புறம்தான் எங்களுக்கு. எனக்கு அதில் ரொம்ப நாள் கோபம் இருந்தது. சனிக்கிழமை காலை அப்பத்தாவைக் குளிப்பாட்டுவது அவர் வேலை. அம்மா, பெரியம்மா யாரையும் விடமாட்டார். வெந்நீர் போட்டு, தூக்கி உட்கார வைத்து, தலை துவட்டி, சாம்பிராணி போட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில்தான் எங்களுக்கு வாய்ப்பாடு. கை அங்கே, காது இங்கே. தப்பாகச் சொன்னால் திரும்பிப் பார்க்காமலே "மறுபடி" என்பார்.

குளிர்காலப் படி வந்தால் கொடைக்கானலில் கம்பளி நூல் வாங்கி வருவார். காந்திகிராமத்தில் பயிற்சி எடுத்தவர், தக்ளியில் நூற்றவர், நூலைப் பார்த்தாலே தரம் சொல்வார். மன்னவனூர் செம்மறி ஆராய்ச்சிப் பண்ணையில் ரோமம் கத்தரிப்பதைக் காட்டப் பிள்ளைகளைக் கூட்டிப் போனதை எங்களிடம் நாலு தடவை சொல்லியிருக்கிறார், நாங்கள் போனதே இல்லை. அந்த நூலில் அம்மா எட்டுப் பேருக்கும் ஸ்வெட்டர் பின்னுவார்கள். பச்சை ஸ்வெட்டர் என்னுடையதுதான். எனக்குச் சின்னதாகிவிட்டது என்று அப்பா எடுத்துப் போனார். சின்னதாகவில்லை. ஆனால் அது அஞ்சாவது வரை தாங்கியது என்று படித்ததும் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஜன்னல் கண்ணாடி, வெள்ளிக்கிழமைச் சவரம் இதெல்லாம் எங்களுக்கு இன்றுதான் தெரியும். நாங்கள் அப்பாவைத் தாடியோடு பார்த்ததே கிடையாது. ஓய்வுபெற்ற பிறகும் தினம் விடிந்ததும் சவரம் பண்ணிவிடுவார்.

மேல்மலை மாணவர், இப்போது திருப்பூர்

தம்பி, கோபமெல்லாம் இல்லை. அந்த மாறுதல் மனுக்களை வருஷம் தவறாமல் தள்ளி வைத்த அதிகாரி யாரோ, அவருக்கு எங்கள் ஊர் சார்பாக ஒரு மாலை போட வேண்டும். எங்களில் பட்டப்படிப்பு வரை போனவர்களே இருக்கிறோம்.

பூம்பாறைக்காரர்

உங்கள் வீட்டுக்குச் சேர வேண்டியதை நாங்கள் தின்றிருக்கிறோம். கமிஷன் சீட்டில் வராத கழிவு.

பேத்தி, மதுரை

தாத்தாவிடம் நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, ஆனால் பன்னிரண்டாம் வாய்ப்பாடு அவரிடம்தான் படித்தேன். குறிஞ்சியை வைத்துச் சொல்லித் தருவார். 1958, 1970, 1982, 1994. அடுத்தது எப்போ, அப்போ உனக்கு என்ன வயசு, உன் தம்பிக்கு என்ன வயசு என்று கேட்டுக்கொண்டே போவார். கல்யாணம் ஆகாத சித்தப்பாவுக்கு 2006-இல் எத்தனை பிள்ளை இருக்கும் என்றுகூட ஒரு கணக்கு உண்டு. சித்தப்பா எழுந்து போய்விடுவார்.

2018-இல் குறிஞ்சி பூத்தபோது அவரையும் ஆச்சியையும் காரில் கொடைக்கானல் கூட்டிப் போனேன். அப்போது தாத்தாவுக்கு 87. கூட்டம், வரிசையாக வண்டிகள், இறங்கி நடக்க முடியவில்லை. கண்ணாடியை இறக்கி, சரிவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆச்சி கேட்டார்கள், "இது எத்தனாவது?" தாத்தா சேவைக் காலம், கல்யாணம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, "சேர்ந்து பாக்கிறது ஆறாவது. இதுல ரெண்டு தடவை உனக்கு உடம்பு சரியில்லன்னு நான் மட்டும் பாத்துட்டு வந்து சொன்னேன், அதையும் சேத்துக்கிட்டேன்" என்றார். ஆச்சி அதை ஒத்துக்கொள்ளவில்லை. வீடு வந்து சேரும்வரை நாலா ஆறா என்று அதே பேச்சு.

அதே வருஷம் நவம்பரில் கஜா புயல். மலை முழுக்க மரம் விழுந்து ரோடு அடைபட்டது, கரண்ட் இல்லை, போனும் இல்லை. எனக்கு மதுரையில் இருப்பே கொள்ளவில்லை. ஒருவழியாகப் போன் வந்தபோது தாத்தா பதற்றமே இல்லாமல், "சில்வர் ஓக்கு எத்தனை விழுந்திருக்குன்னு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை எண்ண விட்டிருக்கேன், ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்லுதுக" என்றார்.

இரண்டாவது மகன், பண்ணைக்காடு

நிறையப் பேர் வீட்டுக்கு வருகிறோம் என்று கேட்கிறீர்கள். தாராளமாக வாருங்கள், சனி ஞாயிறு வந்தால் நானும் இருப்பேன். பெட்டியில் பள்ளிக்கூட நோட்டுகள் இருக்கின்றன. வருஷவாரியாக உங்கள் பேர், அப்பா பேர், எந்த வீடு, எத்தனை அண்ணன் தம்பி என்று எழுதி வைத்திருக்கிறார். அவரவர் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம், நோட்டைக் கொடுக்க மாட்டோம். சிலர் பேருக்கு எதிரே சின்னதாக ஏதோ குறி இருக்கிறது, அடி வாங்கிய அண்ணன் வந்தால் அது என்னவென்று சொல்லலாம்.

அம்மாவுக்கு 88. காது மந்தம், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். எந்த வருஷம் படித்தீர்கள் என்று கேட்பார்கள், சொன்னால் அந்த வருஷம் வீட்டில் என்ன நடந்தது என்று தொடங்கிவிடுவார்கள், அவசரத்தில் வர வேண்டாம். சர்க்கரை இருப்பதால் ஸ்வீட் வாங்கி வராதீர்கள். வத்தலக்குண்டு டீச்சர், உங்கள் பையன் இப்போது என்ன செய்கிறான் என்று அம்மா ரெண்டு தடவை கேட்டுவிட்டார்கள்.